வேடமும் விளையாட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளி மேல்வகுப்பில் படிக்கும் என் மகன், தனக்குப் பிடித்த வீடியோ கேமில் வரும் ஒரு போர்வீரனின் கவசத்தைச் செய்வதற்காகப் பல வாரங்களாக மாலை நேரங்களைச் செலவிடுகிறான். அதை அணிந்துகொண்டு ரசிகர் மாநாட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். வளர்ந்த பிள்ளை செய்யும் காரியமா இது? தடுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை.

பதில்: தடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். கற்பனைப் பாத்திரத்தின் உடையைத் தானே செய்து அணிந்துகொண்டு, அதே பாத்திரத்தை நேசிக்கும் பிறரிடையே நடமாடும் இந்த வழக்கம், அதாவது காஸ்ப்ளே, நேற்று முளைத்ததன்று. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற இளைஞரும் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்தார்கள். அந்த இரண்டு உடைகளையும் செய்தவர் டக்ளஸ்தான். அடுத்த ஆண்டு மாநாட்டிலேயே வேட நிகழ்ச்சிக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. ஜப்பானில், ரசிகர்கள் தாமே அச்சிட்ட இதழ்களை விற்பதற்காக 1975 டிசம்பரில் டோக்கியோவில் தொடங்கிய காமிக்கெட் சந்தையில் இந்த வழக்கம் வேரூன்றி வளர்ந்தது. நகோயா நகரில் 2003 முதல் நடந்துவரும் உலக காஸ்ப்ளே உச்சிமாநாட்டுக்கு இன்று பல நாடுகளிலிருந்தும், உள்நாட்டுத் தேர்வுகளில் வென்ற அணிகள் வருகின்றன. அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். வேலைக்குப் போகிறவர்கள், குடும்பம் நடத்துகிறவர்கள்.

உங்கள் மகன் அந்த மாலை நேரங்களில் என்ன செய்கிறான் என்பதை அருகே உட்கார்ந்து பாருங்கள். திரையில் தட்டையாகத் தெரியும் ஒரு வடிவத்தைத் தன் உடலின் அளவுக்கு மாற்றுகிறான். தோளின் வளைவைக் காகிதத்தில் வெட்டி ஒட்டிப் பார்க்கிறான். தவறாக வந்தால் கழற்றி மீண்டும் செய்கிறான். தையல்காரரும் தச்சரும் ஓவியரும் செய்யும் வேலைகளின் தொடக்கம் அது. "எந்தப் பகுதி சரியாக வரவில்லை?" என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் பதிலின் நீளத்திலிருந்தே அந்த வேலையில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். கண்காணிக்க வேண்டியவை கூரிய பிளேடு, சூடான கருவிகள், பசையின் ஆவி, மாநாட்டுக்கு முந்தைய இரவுகளில் தூங்காமல் வேலை செய்யும் பழக்கம் ஆகியவை. முதல் மாநாட்டுக்கு நீங்களும் உடன் செல்லுங்கள்.

கேள்வி: நான் இதுவரை ஊசியில் நூல்கூடக் கோத்ததில்லை. ஒரு கேம் பாத்திரத்தின் மார்புக் கவசத்தையும் தோள்பட்டைகளையும் நானே செய்ய ஆசை. செலவு அதிகம் செய்ய முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இப்படிப்பட்ட கடிதங்கள் வரும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தொடக்கக்காரருக்கு ஏற்ற பொருள் ஈவிஏ ஃபோம். உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் ஒன்றோடொன்று கோத்துப் போடுகிறார்களே, அந்த மெத்தென்ற விரிப்பும் அதே பொருளால் ஆனதுதான். எடை குறைவு, விலை குறைவு. கத்தியால் வெட்டலாம், வெப்பத்தால் வளைக்கலாம். கவசத்தின் அடித்தளத்துக்குத் தடித்த தாளும், மேலே ஒட்டும் அலங்கார விளிம்புகளுக்கு 2 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய தாளும் தேவைப்படும்.

முதல் வேலை வெட்டுவதன்று, அளவெடுப்பது. பழைய பனியன் ஒன்றை அணிந்து, அதன்மேல் உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகச் சுற்றி, அதற்கும் மேலே ஒட்டுநாடாவை அடுக்கடுக்காக ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுபவர் இன்னொருவராக இருக்க வேண்டும். மூச்சு இழுத்து விட இடம் இருக்க வேண்டும். பிறகு அந்த நாடா ஓட்டின்மேல் கவசத்தின் கோடுகளைப் பேனாவால் வரைந்து, கழற்றிக் கோடுகள் வழியே வெட்டினால், உங்கள் உடலுக்கே உரிய வார்ப்புரு தட்டையாகக் கையில் கிடைக்கும். அதை முதலில் அட்டையில் வெட்டி ஒட்டி அணிந்து பாருங்கள். அட்டைக்குச் செலவிடும் ஒரு மாலை, வீணாகப் போகவிருந்த ஃபோம் தாள்களை மிச்சப்படுத்தும்.

ஃபோமை வெட்டும் பிளேடு மழுங்கினால் ஓரம் பிய்ந்து வரும். ஆகவே பிளேடை அடிக்கடி மாற்ற வேண்டும். வெட்டிய துண்டின்மேல், சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டினால் இரண்டு பயன்கள்: மேற்பரப்பின் நுண்துளைகள் மூடிக்கொண்டு வண்ணத்தை அதிகம் உறிஞ்சாமல் இருக்கும், சூடாக இருக்கும்போது வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அந்த வளைவு நிலைக்கும். ஒட்டுவதற்குக் கான்டாக்ட் சிமென்ட் என்ற பசை சிறந்தது. இரண்டு பரப்புகளிலும் மெல்லியதாகப் பூசி, ஈரப் பசபசப்பு போகும்வரை காத்திருந்து, அதன்பிறகே சேர்க்க வேண்டும். சேர்ந்தபின் நகர்த்த முடியாது என்பதால் ஒரு முனையிலிருந்து மெதுவாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். சூட்டில் உருகி ஒட்டும் பசைக்குச்சி விரைவில் பிடித்துக்கொள்ளும் என்றாலும், வெயிலில் இளகிவிடும். கவசத்தின் எடையைத் தாங்கும் இணைப்புகளை அதை நம்பி விடாதீர்கள்.

வண்ணம் பூசுமுன் ஃபோமுக்கு ஒரு காப்புப் பூச்சு வேண்டும். சாதாரண வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து மூன்று நான்கு முறை பூசலாம், ஆனால் அடிக்கடி வளையும் இடத்தில் அது வெடிக்கும். அங்கே ரப்பர் தன்மையுள்ள பூச்சு நன்றாக உழைக்கும். அக்ரிலிக் வண்ணம் பூசி முடித்தபின், கறுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்துத் தடவித் துணியால் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்குப்போல் தங்கும். உலர்ந்த தூரிகையில் வெள்ளி நிறத்தைத் தொட்டு விளிம்புகளை வருடினால், பல போர்களைக் கண்ட உலோகம்போல் தோன்றும். தொடக்கக்காரரின் கவசத்தை உயிர்பெறச் செய்வது பெரும்பாலும் இந்தக் கடைசி ஒரு மணி நேர வேலைதான், களைப்பில் பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

பசையின் ஆவியும் தேய்க்கும்போது பறக்கும் தூளும் வெவ்வேறு ஆபத்துகள். தூளுக்குத் தூசி முகமூடி போதும். கரைப்பானின் ஆவியை அது தடுக்காது, அதற்குக் கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய முகமூடியும் காற்றோட்டமான இடமும் தேவை. முப்பரிமாண அச்சுப்பொறியில் தலைக்கவசம் செய்து தர நண்பர் இருந்தால் நல்லது, ஆனால் அதில் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் விட்டு வந்தால் கோணிப்போகும். கண்ணின் நிறத்தை மாற்றும் கான்டாக்ட் லென்ஸை மட்டும் கண் மருத்துவரின் பரிந்துரையின்றி வாங்கவே வாங்காதீர்கள். பொருந்தாத லென்ஸ் விழிவெண்படலத்தில் புண் உண்டாக்கும், பார்வையே போகக்கூடும்.

மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பே முழு உடையையும் அணிந்து உட்காருங்கள், படியேறுங்கள், குனியுங்கள், கழிப்பறைக்குப் போக எத்தனை கொக்கிகளைக் கழற்ற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: ஆயத்தமாக விற்கும் உடையை வாங்கி அணிந்துசென்றேன். "இது காஸ்ப்ளேயே அல்ல" என்றார் ஒருவர். அவர் சொன்னது சரியா?

பதில்: சரியன்று. எல்லோருக்கும் பட்டறையும் நேரமும் கைப்பழக்கமும் வாய்ப்பதில்லை; பாத்திரத்தின் நடையையும் நிற்கும் விதத்தையும் அக்கறையோடு கொண்டுவருவதும் ஒரு கலையே. கைவினையை மதிப்பிடும் போட்டிகளில் மட்டும் விதி வேறு. உலக காஸ்ப்ளே உச்சிமாநாட்டின் போட்டியைப் போன்றவற்றில் உடை போட்டியாளரே செய்ததாக இருக்க வேண்டும். அங்கே வாங்கியதை வாங்கியது என்று சொல்வதும், வேறொருவர் செய்து தந்திருந்தால் அவர் பெயரைச் சொல்வதும் நேர்மை.

கேள்வி: சென்ற நிகழ்ச்சியில் நான் ஒரு சண்டை விளையாட்டின் வீராங்கனை வேடத்தில் இருந்தேன். கேட்காமலே ஒருவர் இடுப்பில் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். இன்னொருவர் தரையில் உட்கார்ந்து கீழிருந்து படமெடுத்தார். தோழிகளிடம் சொன்னபோது, "அப்படிப்பட்ட உடை போட்டால் அப்படித்தான்" என்றார்கள். மனம் ஆறவில்லை.

பதில்: உங்கள் மனம் ஆறாமல் இருப்பதில் எந்தத் தவறும் இல்லை. தவறு செய்தவர்கள் அந்த இருவரும்தான். உடையைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். ஆனால் தொடுவதற்கான அனுமதியை அந்த உடை யாருக்கும் கொடுத்துவிடவில்லை. இதே வேதனையைப் பல ஆண்டுகள் பலர் பொறுத்துப் பேசிய பிறகுதான், 2014இல் நியூயார்க் காமிக் கான் என்ற ரசிகர் மாநாட்டின் நிர்வாகம், வேடமணிவது சம்மதம் தெரிவிப்பதாகாது என்று பெரிய பலகைகளில் எழுதி வாசலிலேயே நிறுத்தியது. அதன்பின் அந்த வாசகம் பல நாடுகளின் மாநாட்டு விதிகளில் இடம்பெற்றது. ஜப்பானின் காமிக்கெட் இன்னும் கட்டுப்பாடானது: வேடத்தோடு வீட்டிலிருந்து வரவும் வேடத்தோடு திரும்பிப் போகவும் கூடாது, உடைமாற்றும் அறையும், படமெடுப்பதற்கென்று ஒதுக்கிய இடங்களும் அங்கேயே உண்டு.

அடுத்த முறை இப்படி நேர்ந்தால், "தொடாதீர்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள். சுற்றியிருப்பவர்களின் கவனம் திரும்புவதே ஒரு பாதுகாப்பு. உடனே தன்னார்வலரிடமோ காவல் பணியாளரிடமோ போய், நேரம், இடம், அந்த நபரின் அடையாள அட்டையின் நிறம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். இப்போது நடந்ததைப் பற்றியும் அமைப்பாளர்களுக்கு எழுதலாம். காலம் கடந்துவிட்டது என்று விட வேண்டாம், ஏனெனில் ஒரே நபரைப் பற்றிப் பலர் தனித்தனியே எழுதியபிறகுதான் நிர்வாகம் அவரைத் தடைசெய்யும் நிலை பல இடங்களில் இருக்கிறது. எழுதியும் பதில் வராத நிகழ்ச்சிக்கு மீண்டும் போகாமல் இருப்பதும், ஏன் போகவில்லை என்பதைப் பிறருக்குச் சொல்வதும் உங்கள் உரிமை.

கேமராவோடு வரும் வாசகர்களுக்கும் இங்கேயே ஒரு வேண்டுகோள். கேட்டபின் எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், நீக்கச் சொன்னால் மறுபேச்சின்றி நீக்குங்கள். சாப்பிடும்போதும், களைத்து உட்கார்ந்திருக்கும்போதும், கழன்ற கவசத்தை ஒட்டிக்கொண்டிருக்கும்போதும் படமெடுக்காதீர்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். வலையில் வெளியிடும்போது வேடமிட்டவரின் பெயரை அவர் விரும்பும் வடிவில் மட்டும் குறிப்பிடுங்கள், ஏனென்றால் வேலையிடத்துக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த உலகில் பலர்.

கேள்வி: என் பாத்திரத்தின் கையில் இரண்டு மீட்டர் நீள வாள் இருக்க வேண்டும். மரத்தில் செய்யலாமா?

பதில்: முதலில் அந்த நிகழ்ச்சியின் விதிகளைப் படியுங்கள், நீளத்துக்கும் பொருளுக்கும் வரம்பு இருக்கும். உலோக முனையும் உண்மையான துப்பாக்கியும் எங்கும் ஏற்கப்படமாட்டா. மரமும் பல இடங்களில் ஏற்கப்படுவதில்லை. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் வெளியே ஃபோமும் வைத்துச் செய்தால், நெரிசலில் யார்மேல் பட்டாலும் காயமில்லை. நடுவில் கழற்றிப் பூட்டும்படி இரண்டு துண்டுகளாகச் செய்யுங்கள். வாசலில் சோதித்து அடையாளச் சீட்டுக் கட்டும் வழக்கத்தைப் பற்றிச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் 2017 மே மாதம் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர மாநாட்டுக்குள் ஒருவர் உண்மையான துப்பாக்கிகளுடன் நுழைந்து கைதானார். அதன்பின் எஞ்சிய நாட்களில் அங்கே மாதிரி ஆயுதங்களுக்கே தடை வந்தது. அந்தச் சோதனை மேசையில் நிற்பவர் உங்கள் வாளையும் காப்பாற்றுகிறார். மாநாட்டுக்குப் போகும் வழியிலும் அதை உறைக்குள் மூடியே எடுத்துச் செல்லுங்கள். தெருவில் பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர். சண்டை வீடியோ கேம் ஒன்றுக்கு 32 பேர் பங்கேற்கும் ஒரு சிறிய போட்டியை நடத்த விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இன்று உலகின் மிகப் பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியாக விளங்கும் ஈவோ, 1996இல் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஏறத்தாழ 40 பேருடன் நடந்த ஒரு சந்திப்பிலிருந்து தொடங்கியதுதான். 2004ஆம் ஆண்டு ஈவோ போட்டியில் டைகோ உமேஹாரா என்ற ஆட்டக்காரர், உயிர்க்கோடு ஏறக்குறைய தீர்ந்துபோன கென் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, ஜஸ்டின் வாங்கின் சுன்-லி தொடுத்த 15 அடிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்து வென்ற ஆட்டம் இன்றும் பார்க்கப்படுகிறது. அந்தப் பதிவில் என்னை ஒவ்வொரு முறையும் ஈர்ப்பது கூட்டத்தின் ஒலி: ஆறாவது ஏழாவது அடியிலேயே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்ட கூட்டம் எழுப்பும் ஒலி. அப்படிப் புரிந்துகொள்ளும் கூட்டம், உங்களைப் போன்ற ஐந்து பேர் நடத்தும் சிறிய போட்டிகளில்தான் உருவாகிறது.

இத்தகைய போட்டிகளில் வழக்கமான முறை, இரண்டு முறை தோற்றால் மட்டுமே வெளியேற்றுவது. 32 பேருக்கு அந்த முறையில் 62 அல்லது 63 ஆட்டங்கள் வரும். இடையில் ஆளைக் கூப்பிடும் நேரமும் சேர்த்து ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் என்றால், நான்கு திரைகளில் நடத்தினாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிச் சுற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஆட முடியும் என்பதால், மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அட்டவணையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பெயர் கூப்பிட ஒருவர் என்று இருவரை நியமியுங்கள். அவர்கள் போட்டியில் ஆடக்கூடாது. ஒன்றாகப் பயிற்சி செய்யும் நண்பர்கள் முதல் சுற்றிலேயே மோதாதபடி பிரித்து வையுங்கள். தாமதமாக வந்தால் எத்தனை நிமிடம் பொறுப்பது, நடுவில் ஆட்டம் நிறுத்தப்பட்டால் என்ன தண்டனை என்பவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், பாதிச் சண்டைகள் எழவே மாட்டா.

கருவிகளைப் பற்றி இரண்டு செய்திகள். எல்லாத் திரைகளும் ஒரே மாதிரியானவையாக, தொலைக்காட்சி என்றால் கேம் மோடில் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம் திரைக்குத் திரை மாறினால் போட்டி நியாயமாகாது. கம்பியில்லாக் கன்ட்ரோலரை ஆடிமுடித்தவர் இணைப்பைத் துண்டிக்காமல் பையில் போட்டுக்கொண்டு போனால், அது பையில் அழுந்தும்போது அடுத்தவர்களின் ஆட்டம் நடுவில் நின்றுவிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் துண்டித்தார்களா என்று கேட்பதை ஒருவரின் வேலையாகவே வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, முதல் மணி நேரத்திலேயே இரண்டு முறை தோற்று வெளியேறும் எட்டுப் பேரை. அவர்கள் ஆட ஒரு திரையையாவது ஒதுக்குங்கள். முடிந்தால் உங்களில் நன்றாக ஆடுபவர் அங்கே உட்கார்ந்து, தோற்ற ஆட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லிக்கொடுக்கட்டும். அடுத்த போட்டிக்கு 32 பேர் வருவார்களா என்பதை அந்த எட்டுப் பேரே முடிவுசெய்வார்கள். நுழைவுக் கட்டணமோ பரிசுப் பணமோ உண்டென்றால், அந்த விளையாட்டின் நிறுவனம் சமூகப் போட்டிகளுக்கு வெளியிட்டிருக்கும் விதிமுறைகளைத் தேடிப் படித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய கேம் ஒன்றைப் புதிய வரைகலையில் நானே மறுஆக்கம் செய்துவருகிறேன். இலவசமாகத்தான் வெளியிடப்போகிறேன். சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வரலாம். இலவசம் என்பது மட்டும் பாதுகாப்பாகாது. 1991இல் வந்த மெட்ராய்ட் விளையாட்டின் இரண்டாம் பாகத்தை ஒரு ரசிகர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் உழைத்து மறுஆக்கம் செய்து 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களிலேயே நின்டென்டோவின் அறிவிப்பால் அதைப் பதிவிறக்கும் இணைப்புகள் அகற்றப்பட்டன. உரிமை நிறுவனத்துடையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும், அத்தனை அன்போடு செய்த வேலைக்கு ஓர் அறிவிப்பு மட்டுமே பதிலாக வந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. வேறு வழிகளும் இருந்திருக்கின்றன. சோனிக் விளையாட்டுகளை ரசிகராக மறுஆக்கம் செய்துவந்த கிறிஸ்டியன் வைட்ஹெட்டை சேகா நிறுவனமே அழைத்து வேலை கொடுத்தது. 2017இல் அவர் தலைமையில் உருவான சோனிக் மேனியா பெரும் வரவேற்பைப் பெற்றது. ஹாஃப்-லைஃப் விளையாட்டின்மேல் ரசிகர் இருவர் 1999இல் கட்டிய கவுன்டர்-ஸ்ட்ரைக்கை, வால்வ் நிறுவனம் தனதாக்கிக்கொண்டு 2000இல் தனி விளையாட்டாகவே வெளியிட்டது. ஜப்பானில் தோஹோ வரிசை விளையாட்டுகளைத் தனியொருவராக உருவாக்கும் ஸூன், ரசிகர்கள் அவற்றைத் தழுவிப் படைப்பதைச் சில நிபந்தனைகளோடு வெளிப்படையாக அனுமதித்தார். அதனால் அந்த விளையாட்டுகளைச் சுற்றி இசையும் சித்திரக்கதையும் வேறு விளையாட்டுகளுமாக ஒரு பெரும் படைப்புலகமே எழுந்தது.

ஆகவே முதலில் உங்கள் விளையாட்டின் உரிமையாளர் ரசிகர் படைப்புகளுக்கு விதிமுறை வெளியிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அனுமதியில்லை என்று தெரிந்தால், இதுவரை எழுதிய நிரலை வைத்துக்கொண்டு பாத்திரங்களையும் வரைபடங்களையும் இசையையும் உங்களுடையதாக மாற்றுங்கள். கைக்கு வந்த திறமையை எந்த அறிவிப்பும் பறிக்க முடியாது. மெட்ராய்டை மறுஆக்கம் செய்தவரும் பிறகு ஒரு விளையாட்டு நிறுவனத்தில் களம் வடிவமைப்பவராகச் சேர்ந்தார். உடைகளையோ ஓவியங்களையோ விற்க நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான், ஆனால் விற்பனை என்று வந்தபின் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிடுவது அவசியம்.

கேள்வி: ஒரு விளையாட்டை எவ்வளவு விரைவில் முடிக்கலாம் என்று போட்டி போடுகிறார்களே, அது விளையாட்டை ரசிப்பதாகுமா? கதையையே தாண்டிக் குதித்துப் போகிறார்களே!

பதில்: கதையைத் தாண்டுகிறார்கள் என்பது உண்மை, ஆனால் அவர்களில் அநேகமாக ஒவ்வொருவரும் அந்தக் கதையை முன்பே பலமுறை வாழ்ந்து முடித்தவர்கள். வினாடிக்கு 60 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் விளையாட்டில் ஒரே ஒரு படச்சட்டத்தில் பொத்தானை அழுத்தப் பழகுபவர், அதன் உள்ளியக்கத்தை உருவாக்கியவருக்கு அடுத்தபடியாக அறிந்தவர். 1993இல் வெளிவந்த டூம் என்ற விளையாட்டு, ஆட்டத்தைச் சிறிய கோப்பாகப் பதிவுசெய்யும் வசதியைத் தந்தது. ரசிகர்கள் அக்கோப்புகளைப் பரிமாறிக்கொண்டு ஒருவரையொருவர் முந்த முயன்றதில் இந்தக் கலை வளர்ந்தது. விளையாட்டின் பிழைகளைப் பயன்படுத்துவோருக்கும் பயன்படுத்தாதோருக்கும் தனித்தனிப் பட்டியல்கள் வைத்து, காணொளிச் சான்றைப் பார்த்த பிறகே சாதனையை ஏற்கிறார்கள்.

இந்தச் சமூகம் தன் திறமையை என்ன செய்தது என்பதையும் பாருங்கள். 2010 ஜனவரியில் சில நண்பர்கள் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் கூடி, பழைய விளையாட்டுகளை வேகமாக ஆடி நேரலையில் காட்டி, கேர் என்ற தொண்டு நிறுவனத்துக்கு 10,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். கேம்ஸ் டன் குவிக் என்று வளர்ந்த அந்நிகழ்ச்சி, ஆண்டுக்கு இருமுறை ஒரு வாரம் இரவுபகலாக நடந்து, புற்றுநோய்த் தடுப்புக்கும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் நிதி சேர்த்துவருகிறது. 2020இன் தொடக்கத்தில் நடந்த ஒரே நிகழ்ச்சியில் 30 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

கேள்வி: நானும் என் தோழிகளும் பல ஆண்டுகள் ஒன்றாக ஆடிய இணைய விளையாட்டின் சர்வரை நிறுவனம் மூடிவிட்டது. நாங்கள் எதையாவது செய்ய முடியுமா?

பதில்: உங்கள் இழப்பு சிறியதன்று. ஓர் இணைய விளையாட்டு மூடப்படும்போது மறைவது மென்பொருள் மட்டுமல்ல, நீங்கள் மாலைதோறும் கூடிய இடமும்தான். சிட்டி ஆஃப் ஹீரோஸ் விளையாட்டு 2012 நவம்பர் இறுதியில் மூடப்பட்டபோது அதன் ரசிகர்களும் இதையே உணர்ந்தார்கள். அவர்கள் கலைந்துபோகவில்லை. பின்னர் தாமே சர்வர்களை இயக்கினார்கள். 2024 ஜனவரியில், ஹோம்கமிங் என்ற ரசிகர் குழுவுக்கு உரிமை நிறுவனமான என்சிசாஃப்ட் முறையான உரிமமே வழங்கியது. அதே 2024இல் தி க்ரூ என்ற விளையாட்டு மூடப்பட்டதையொட்டி, விற்ற விளையாட்டை ஆட முடியாத நிலையில் நிறுவனங்கள் விட்டுவிடக் கூடாது என்று கோரி எழுந்த இயக்கம், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் மனுவில் 2025இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைப் பெற்றது.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது, உங்களிடம் உள்ள ஸ்கிரீன்ஷாட்டுகள், காணொளிகள், உரையாடல்கள், குழுப் பட்டியல்கள் எல்லாவற்றையும் திரட்டி இரண்டு இடங்களில் சேமிப்பது. மூடிய விளையாட்டுகளை மீட்டவர்களின் வேலை பெரும்பாலும் இப்படிப்பட்ட சேமிப்புகளிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

கேள்வி: எனக்குப் பிடித்த பாத்திரம் வெளுத்த நிறமுடையவள், நான் கறுப்பு. மாவு பூசிக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். உடை, தலைமுடி, நிற்கும் தோரணை ஆகியவற்றால் எந்தப் பாத்திரத்தையும் யாரும் ஏற்கலாம்; உங்கள் நிறத்தில் அவள் இன்னோர் அழகு பெறுவாள். இதையே மறுபக்கமும் சொல்ல வேண்டும்: கறுப்பினப் பாத்திரத்தை ஏற்பதற்காக யாரும் தோலைக் கறுப்பாக்கிக்கொள்ள வேண்டாம். அந்தப் பூச்சுக்குப் பின்னே ஒரு மக்கள் கூட்டத்தையே மேடையில் இழிவுபடுத்திய வரலாறு இருக்கிறது. நீல நிற வேற்றுலகவாசிக்கு நீலம் பூசுவது வேறு விஷயம்.

கேள்வி: சக்கர நாற்காலியில் செல்பவன் நான். இரைச்சலும் நெரிசலும் எனக்கு ஆகாது. இப்படிப்பட்ட விழாக்களுக்கு நான் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் சீட்டு வாங்குமுன் அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள். சரிவுப்பாதை எங்கே, நடைபாதையின் அகலம் எவ்வளவு, உடன் வருபவருக்குத் தனிச்சீட்டுத் தேவையா, மேடையருகே நாற்காலிக்கு இடம் உண்டா, அமைதியான அறை இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் பேக்ஸ் என்ற கேம் விழாக்களில் டேக் திஸ் என்ற தொண்டு அமைப்பு, இரைச்சலிலிருந்து விலகி அமர்ந்திருக்க அமைதி அறைகளை நடத்தியிருக்கிறது. பிற விழாக்களும் அதைப் பின்பற்றத் தொடங்கியிருக்கின்றன. கூட்டம் பொதுவாகக் கடைசி நாளின் பிற்பகலில் குறையும் என்பதால் அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். வேடமிடவும் ஆசை இருந்தால், நாற்காலியை மறைக்க முயலாதீர்கள். அதையே விண்கலமாகவோ தேராகவோ கவச வண்டியாகவோ மாற்றிக் கட்டும் குழுக்கள் இருக்கின்றன. சக்கரத்துக்கும் அலங்காரத்துக்கும் இடையே கைபோகும் அளவுக்கு இடம் விட்டு, பிரேக் பிடிக்கும் நெம்புகோல் உங்கள் கைக்கு எட்டும்படி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.